ஆடிக் காற்றும் ஆடிச்சுற்றும்

சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் சாதாரணமாக மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்றை உத்தேசித்துத்தான் போவார்கள். கோமதி அம்மனைத் தரிசிக்கப் போவார்கள்; விசைத்தறிச் சேலை கொள்முதல் செய்யப் போவார்கள்; அந்த ஊர்ப் பிரியாணியின் கீர்த்தியைக் கேள்விப்பட்டு அதன் உண்மையைச் சோதிக்கப் போகிறவர்களும் உண்டு. நாங்கள் நால்வர் போனதோ இந்த மூன்றில் எதற்காகவும் அல்ல. ஐம்பது அடி அகலமுள்ள ஒரு கிணற்றைத் தேடிக்கொண்டு போனோம்!

இதைக் கேட்டதும் எங்கள் மனநிலையைப் பற்றி வாசகர்களுக்குச் சந்தேகம் தோன்றுவது நியாயமே. எங்கள் வீட்டாருக்கும் அந்தச் சந்தேகம் வெகு நாளாக உண்டு. ஆகையால் விஷயத்தை ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறோம்.

எங்களில் ஒருவர் பாங்கில் உத்தியோகம் பார்ப்பவர். வயது நாற்பத்தேழு. மூன்று வருஷங்களுக்கு முன்பு டாக்டர் அவருடைய ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வேறு எங்கேயோ ஏறி நிற்கிறது என்று சொல்லிவிட்டார். நண்பரின் தகப்பனார் அந்த வியாதியினாலேயே கால் ஒன்றை இழந்து, இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து காலமானவர். நண்பர் அன்று இரவு யாரோடும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமாயிற்று. பிறகு சைக்கிள் வந்தது. கடைசியில் நீச்சலும் சேர்ந்துகொண்டது. "டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்" என்று ஒருநாள் சாவதானமாகச் சொன்னார். நாங்கள் அது ஏதோ புது மாத்திரையின் பெயர் என்று நினைத்தோம்.

அது மாத்திரை அல்ல. மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்த பந்தயம். முதலில் 1500 மீட்டர் நீந்த வேண்டும். கரையேறின ஈரத்தோடு 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்து காப்பி சாப்பிடுவதற்கு விதி கிடையாது. 2000-ஆம் வருஷம் சிட்னியில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இது முதன் முறையாக இடம் பெற்றது.

நண்பரின் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஒருநாள், மூன்றையும் ஒரே மூச்சில் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அவர் சங்கல்பம். "நான்கு மணி நேரத்துக்குள் முடித்தால் போட்டிக்குப் போவேன். முடியாவிட்டால் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டு, இனி நடையோடு திருப்தியாக இருந்துவிடுவேன்" என்றார். பாங்கிலே வேலை செய்கிறவரல்லவா? கணக்கில் ஒரு நயா பைசாவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இந்த ஒத்திகைக்குத் துணையாக மூன்று பேர் கிளம்பினோம்: ஒரு வக்கீல், ஒரு தமிழாசிரியர், பிறகு இதை எழுதுகிற பாவத்தைச் செய்தவர். மதுரையிலிருந்து சைக்கிளில் இரண்டு நாள் பிரயாணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, ராஜபாளையத்தைக் கடந்து, மேற்கே மலைத்தொடர் கூடவே வர, தென்காசி மாவட்டத்துக்குள் புகுந்தோம். 2019 வரையில் இந்தப் பகுதியெல்லாம் திருநெல்வேலி மாவட்டமாக இருந்தது. ஜில்லாவின் பெயர் மாறினாலும் பேச்சின் இனிமை மாறவில்லை.

*

சங்கரன்கோவிலின் ஸ்தல புராணம் ஒரு சண்டையில் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜர்கள். சிவனே பெரியவர் என்றான் சங்கன்; இல்லை, திருமாலே பெரியவர் என்றான் பதுமன். வழக்கு அம்பிகையிடம் போயிற்று. அவள் தீர்ப்புச் சொல்லவில்லை, தவம் செய்தாள். ஆடி மாதத்து உத்திராட நாளிலே, பாதி சிவனும் பாதி ஹரியுமாக ஒரே திருமேனியில் இறைவன் காட்சி கொடுத்தார். அவர்தான் சங்கரநாராயணர். அந்தத் தவத்தின் ஞாபகமாகவே பன்னிரண்டு நாள் ஆடித்தபசுத் திருவிழா நடக்கிறது. சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் பருத்தியும் வற்றலும் தானியமும் கொண்டுவந்து சூறைவிட்டு அம்மனுக்குக் காணிக்கையாக்குவார்கள்.

இந்தக் கதையைத் தமிழாசிரியர் சொல்லி முடித்ததும் பாங்க் நண்பர் சிரித்தார். "எங்கள் பந்தயத்துக்கும் இதே புராணந்தான்" என்றார்.

வாஸ்தவம்தான். இப்போது உலகமெல்லாம் 'இரும்பு மனிதன்' பந்தயம் என்று சொல்கிறார்களே, அது ஹவாய்த் தீவில் 1978-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ஆந்தேதி பிறந்தது. நீந்துகிறவன் பெரியவனா, ஓடுகிறவன் பெரியவனா, சைக்கிள் விடுகிறவன் பெரியவனா என்று அங்கே ஒரு சர்ச்சை கிளம்பிற்று. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, "மூன்றையும் ஒரே உடம்பு செய்து பார்க்கட்டுமே!" என்று யோசனை சொன்னார். பதினைந்து பேர் புறப்பட்டார்கள். பன்னிரண்டு பேர் முடித்தார்கள். சண்டை ஓய்ந்ததோ இல்லையோ, ஒரு புதிய பந்தயம் உண்டாயிற்று.

"அப்படியானால் சங்கனும் பதுமனும் சேர்ந்து கண்ட காட்சியைத்தான் ஹவாய்க்காரர்கள் கண்டிருக்கிறார்கள்" என்று தமிழாசிரியர் அடக்கமாகப் பெருமைப்பட்டுக் கொண்டார். சங்கரன்கோவில் பாண்டிய நாட்டுப் பஞ்சபூத ஸ்தலங்களில் பிருதிவி, அதாவது மண், என்பதையும் அவரே எடுத்துக் காட்டினார். தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். "நீரிலே நீந்தி, காற்றிலே சைக்கிள் விட்டு, மண்ணிலே ஓட வேண்டும். நெருப்பு வயிற்றில் இருக்கும். ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து மூச்சு வாங்கலாம்" என்றார் வக்கீல்.

அன்று மாலையே கழுகுமலை பார்க்கப் புறப்பட்டோம். இரண்டு நாள் சைக்கிள் மிதித்த கால்கள் சத்தியாக்கிரகம் செய்தபடியால் பஸ்ஸில் போனோம். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். கழுகுமலையில் வெட்டுவான் கோயில் என்று ஒன்று இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள், மலையின் உச்சியிலிருந்து கீழ் நோக்கிக் குடைந்து ஒரே கல்லில் செய்த கோயில். விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பாகம் முடியவில்லை. உளி பட்ட அடையாளங்கள் அப்படியே நிற்கின்றன. பக்கத்துப் பாறைகளில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக வீற்றிருக்கின்றன, அடியில் வட்டெழுத்துக்கள். பாங்க் நண்பர் அந்த முடியாத கோயிலின் முன்னால் வெகு நேரம் நின்றார். "முடிக்காமலே விட்டுவிட்டார்களே!" என்று இரண்டு தடவை சொன்னார். நாங்கள் அதற்கு அப்போது விசேஷ அர்த்தம் செய்துகொள்ளவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தமிழாசிரியர் காவடிச்சிந்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கழுகுமலை முருகன்மேல் அதைப் பாடிய அண்ணாமலை ரெட்டியார், சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்தவர். ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவு பெற்றவர். இளம் வயதிலேயே மறைந்தவர். காவடி எடுத்து நடப்பவனின் காலுக்கென்றே அமைந்த சந்தம் அது. சைக்கிள் மிதிக்கிற காலுக்கும் அது பொருந்தும் என்பதை மறுநாள் கண்டுகொண்டோம்.

பஸ்ஸின் ஜன்னல் மூடியிருந்தபடியால் காற்று என்ற ஒரு வஸ்து வெளியே இருப்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

*

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஒத்திகை ஆரம்பம். ஊருக்கு வெளியே ஒரு சம்சாரி தம்முடைய தோட்டக் கிணற்றை மனமுவந்து கொடுத்தார். கிணற்றின் அகலம் ஐம்பது அடி. அதாவது 15 மீட்டர். குறுக்கே நூறு தடவை நீந்தினால் 1500 மீட்டர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொள்வதெல்லாம் கிணற்றில்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நண்பர் பட்டணத்து நீச்சல் குளத்தில், நாற்பத்தைந்தாவது வயதில், மாதக் கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டவர். வக்கீல் படியில் உட்கார்ந்து எண்ணிக்கை பிடித்தார்.

முப்பது தடவை வரையில் சம்சாரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பொறுக்கவில்லை.

"என்ன சார்வாள், உள்ளே எதையும் தொலைச்சிட்டாரா? சொன்னா பாதாளக் கொலுசு போட்டு எடுத்துறலாமே!" என்றார்.

நூறாவது தடவை முடிந்து நண்பர் படியேறியபோது ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. உதடு நீலமாயிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. நீச்சல் என்றால் நம்மவர்க்குப் புதிதா? வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் ஜலசந்தியைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தார். 1994-ல், பதின்மூன்று வயதுக் குற்றாலீசுவரன் ஒரே வருஷத்தில் ஆறு ஜலசந்திகளை நீந்தி முடித்தார். சைக்கிளுக்கும் நம் தேசத்தில் வீர சரித்திரம் உண்டு. 1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் உலகத்தைச் சைக்கிளில் சுற்றிவரக் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தம் பம்காரா என்ற மூவர் 1928-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். இவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு நாங்களும் வண்டியில் ஏறினோம். எங்களுக்கு உலகம் கழுகுமலை வரையில்தான்.

போகும்போது நாங்கள் நால்வருமே மகா வீரர்கள்! மிதிக்காமலே வண்டி ஓடிற்று. கியர் இல்லாத பழைய பாரவண்டியில் வந்த தமிழாசிரியர்கூடச் சந்தத்தோடு சிந்து பாடிக்கொண்டு வந்தார். இருபுறமும் கரிசல் நிலம் உழுது கிடந்தது. மழைக்குக் காத்திருக்கும் கறுப்பு மண். தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். ஏழரை மணிக்குக் கழுகுமலை அடிவாரம். உடனே வண்டியைத் திருப்பினோம்.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொன்ன முன்னோர், நிச்சயமாகச் சங்கரன்கோவில் பாதையில் மேற்கு நோக்கி வந்திருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்குப் பக்கத்திலே ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிப் புகுந்து, சாரலைக் குற்றாலத்தில் உதிர்த்துவிட்டு, வெறுங்கையோடு கரிசல் சீமையில் ஓடிவருகிறது. அதன் எதிரே சைக்கிள் விடுவது சுவரைத் தள்ளிக்கொண்டு நடப்பது போன்றது. எதிர்க்காற்றின் வேகம் இரண்டு பங்கானால் அதன் தடை நான்கு பங்காகிறது என்பது சாஸ்திரம். இதற்குச் சைக்கிள்காரர்கள் கண்டுபிடித்த பரிகாரம், ஒருவர் பின் ஒருவராக நெருங்கிப் போவது. முன்னால் போகிறவர் காற்றை உடைப்பார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் நாலில் ஒரு பங்காவது மிச்சமாகும்.

ஆனால் நண்பர் பெயர் கொடுத்திருந்த பந்தயத்தில் இந்தச் சலுகை கிடையாது. பிறர் முதுகில் ஒதுங்கினால் அபராதம். ஆகையால் அவர் தனியே முன்னால் போய்விட்டார். நாங்கள் மூவரும் வரிசை கட்டி, முறை மாற்றிக் காற்றை உடைத்துக்கொண்டு பின்தொடர்ந்தோம்.

ஐந்து கிலோமீட்டர் வந்திருப்போம். தமிழாசிரியரின் பாட்டு நின்றது. பிறகு அவர் பேச்சும் நின்றது. திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, கை நடுங்க, வண்டி பாதையில் கோலம் போட்டது. இறக்கி வேப்பமரத்து அடியில் உட்கார வைத்தோம். மனிதர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். ஆடி வெள்ளியாம், அம்மனைத் தரிசித்தபிறகுதான் ஆகாரமாம்! எங்களிடம் சொன்னால் விடமாட்டோம் என்று சொல்லவில்லை.

நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் புள்ளியாகத் தெரிந்த நண்பரின் வண்டி நின்றது. அப்போது அவருக்கு நேரம் சரியாகவே இருந்தது. அப்படியே போயிருந்தால் நான்கு மணிக் கணக்கு நிச்சயம் நிறைவேறியிருக்கும். துணைக்கு இரண்டு பேர் இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். புள்ளி அரை நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்து ஆசிரியரின் வாயில் ஒடித்துப் போட்டார். 2020-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. கடலையும் வெல்லமும் சேர்ந்தால் அவ்வளவு சீக்கிரத்தில் உயிரூட்டக்கூடிய மருந்து வேறில்லை. இருபது நிமிஷத்தில் ஆசிரியர் எழுந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம் என்றோம். வண்டியை விட்டு வரமாட்டேன் என்றார். "அப்படியானால் என் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி, நண்பர் முன்னால் ஏறிக்கொண்டார். மீதி வழி முழுவதும் அவர் யாருக்கும் முறை கொடுக்கவில்லை. காற்று முழுவதையும் தாமே மார்பில் வாங்கிக்கொண்டு, ஆசிரியரின் வேகத்துக்குத் தம் வேகத்தைக் குறைத்து, ஒன்பதரை மணிக்கு எங்களை ஊர் சேர்த்தார்.

நாங்கள் விடுதித் திண்ணையில் விழுந்தோம். நண்பர் செருப்பை மாற்றிக்கொண்டு வெயிலில் ஓடத் தொடங்கினார். பத்து கிலோமீட்டர். திரும்பி வந்தபோது மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. மொத்தம் ஐந்து மணி பத்து நிமிஷம்.

"சரி, கணக்குத் தீர்ந்தது. வாபஸ்தான்" என்றார்.

"கட்சிக்காரர் பிறருக்கு உதவிசெய்த நேரத்தைக் கழிக்க வேண்டும்" என்று வக்கீல் வாதாடினார். நண்பர் தலையசைத்துவிட்டார். தமிழாசிரியர் அன்று மத்தியானம் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். தம்முடைய விரதம் நண்பரின் மூன்று வருஷ விரதத்தை முறித்துவிட்டதென்று அவர் மனம் வேதனைப்பட்டது. "இனி அவர் விட்டுவிடுவார், சர்க்கரை மறுபடியும் ஏறும்" என்று எங்களிடம் மெதுவாகச் சொன்னார். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது.

*

மாலையில் கோயிலுக்குப் போனோம். ஒன்பது நிலைக் கோபுரத்தின் கீழே ஜனசமுத்திரம். 1755-ல் கும்பினிப் படை கர்னல் ஹெரானின் தலைமையில் வந்தபோது பணிய மறுத்த நெற்கட்டும்செவல் பூலித்தேவர், பிற்பாடு பகைவர் கையில் சிக்கியபோது, இந்தக் கோயிலுக்குள் வழிபட வந்து ஜோதியில் கலந்து மறைந்துவிட்டார் என்பது இந்த வட்டாரத்து ஜனங்களின் நம்பிக்கை. புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டோம். நண்பர் முழங்காலிலும் கொஞ்சம் தடவிக்கொண்டார்.

பிராகாரத்தில் ஆடிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. கொடி ஏறிய நாள் முதல் இந்தக் கோயிலை நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று வேண்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அம்மன், சுற்றுகிறவர்களின் கால் வலியைத் தான் வாங்கிக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. இதைக் கேட்டதும் நண்பரின் கண்கள் ஒருதரம் தமிழாசிரியர் பக்கம் போய்வந்தன.

எழுபது வயதுக்குக் குறையாத ஒரு மூதாட்டி எங்களைக் கடந்து கடந்து போனாள். முந்தானை முடிச்சில் புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையாக வலது முடிச்சிலிருந்து இடது முடிச்சுக்கு மாற்றிக்கொண்டாள். கடைசிக் கொட்டையும் மாறினபிறகு தூணோரமாக உட்கார்ந்தாள். நண்பர் அருகில் போய்த் தண்ணீர் கொடுத்தார்.

"எத்தனை சுற்று ஆச்சி?"

"நூத்தி எட்டுய்யா."

"எவ்வளவு நேரம் ஆயிற்று?"

ஆச்சி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "நேரமா? மூணு நாளா சுத்துதேன். நடுவிலே பேத்திக்குக் காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஆத்தாகிட்டே எண்ணிக்கையைத்தான்யா நேந்துக்கிட்டேன், நேரத்தை நேந்துக்கிடலையே!"

நண்பர் பதில் சொல்லவில்லை. ஆச்சியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்களை யாரோ தட்டி எழுப்பினார்கள். நண்பர் துண்டும் கையுமாக நின்றார். "கிணற்றுக்காரர் காத்திருப்பார். வக்கீல் எண்ணிக்கைக்கு வேண்டும்" என்றார். போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டோம். "பெயர் இருக்கிறது. நான்கு மணி என்று அம்மனிடமோ டாக்டரிடமோ நான் வேண்டிக்கொள்ளவில்லையே?" என்றார்.

தமிழாசிரியர் எல்லோருக்கும் முந்தி எழுந்து, ஒன்றல்ல, ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மேற்கே மலையிலிருந்து ஆடிக் காற்று அன்றைக்கும் தவறாமல் புறப்பட்டுவிட்டது.